வளரிளம் பருவத்தினருக்கான உடல்பருமன் சிகிச்சைப் பிரிவு: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை, வளரிளம் பருவத்தினருக்கெனத் தனியாக நடத்தும் உடல்பருமன் சிகிச்சைப் பிரிவுக்கு, 15 வயதான என் மகனை அழைத்துச் சென்று வருகிறேன். எங்களை அங்கே தொடர வைத்திருப்பவர் குழந்தை மருத்துவர்தான். உணவைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே அவர் என்னை வெளியே அமரச் சொல்லிவிட்டு, பள்ளியில் கேலி செய்கிறார்களா, யாருக்கும் தெரியாமல் சாப்பிடுவது உண்டா, வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்திருக்கிறதா என்றெல்லாம் அவனிடம் தனியாகக் கேட்டிருக்கிறார். பருமன் உள்ள பிள்ளைகளுக்கு 12 வயது முதல் ஆண்டுதோறும் மனச்சோர்வுக்கான மதிப்பீடு செய்ய வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. இங்கே அது உண்மையிலேயே நடக்கிறது.

எங்கள் வீட்டில் எல்லோரும் தைராய்டு மேல்தான் பழி விழும் என்று காத்திருந்தார்கள். மருத்துவரோ, அவன் பாடத்தில் கவனம் நிலைக்காமல் தவிப்பதையும் இரவில் பலமாகக் குறட்டை விடுவதையும் சேர்த்துப் பார்த்தார். தூக்கத்தில் மூச்சு தடைபட்டாலும் பகலில் கவனம் சிதறும் என்பதால், முதலில் தூக்கப் பரிசோதனையை முடித்து, அதன் பிறகே மனநல மருத்துவரிடம் அனுப்பினார். ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைபாடு அங்கே உறுதியானது. காலை உணவை மறந்துவிடுவது, மாலையில் கையில் கிடைத்ததையெல்லாம் யோசிக்காமல் உண்பது ஆகியவை பேராசையோ சோம்பலோ அல்ல என்று அவன் தாத்தாவையும் அழைத்து விளக்கினார்கள். கவனக்குறைபாட்டுக்குத் தரும் மீத்தைல்ஃபெனிடேட் மாத்திரை பகலில் பசியைக் குறைக்கும் என்றும், மருந்தின் வேகம் தணியும் மாலையில் பசி மொத்தமாகத் திரும்பக்கூடும் என்றும் முன்கூட்டியே எச்சரித்தார்கள்.

இவ்வளவையும் உணவியல் நிபுணரின் அறை அறிந்ததாகவே தெரியவில்லை. ஒவ்வொரு வேளையும் உண்டதை அளந்து, நேரம் குறித்து, கைபேசிச் செயலியில் பதிவு செய்யுமாறு அவர் கேட்கிறார். எழுதிய வீட்டுப்பாடத்தைக் கொடுக்கவே மறந்துவிடும் பிள்ளையிடம் இதைக் கேட்பது, தோற்பதற்கென்றே வைத்த தேர்வு. டியூஷன் முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவனுக்கு, ஓட்ஸும் பிராக்கோலியும் நிறைந்த அச்சிட்ட பட்டியல் எப்படிப் பொருந்தும்? மாலைப் பசி பற்றிய எச்சரிக்கைக்கு அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. இட்லியையும் சுண்டலையும் வைத்து அந்த நேரத்துக்கான உணவை நாங்களே வகுத்துக்கொண்டோம்.

கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலிகளும், எடை பார்க்க மூடிய அறையும் வைத்திருப்பவர்கள், காத்திருப்புக் கூடத்தில் ‘சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின்’ படங்களை ஏன் மாட்டியிருக்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. அவன் அவற்றுக்கு முதுகு காட்டியே உட்காருகிறான்.

உளவியல் ஆலோசகர் வார நாட்களில் பள்ளி நேரத்தில் மட்டுமே கிடைக்கிறார். ஆகவே முழுத் தொகுப்புக்குப் பணம் கட்டும் முன், அவரது நேரத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மருத்துவரும் உணவியல் நிபுணரும் ஒரு முறையாவது ஒன்றாக அமர்ந்து பேச வேண்டும் என்றும் கேளுங்கள்.