மாயம் வாய்த்த வாரிசு: ஃபெரெல்டனா, டெவின்டரா, நெவாராவா?

பயோவேர் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் விளையாட்டில், ஹைஎவர் கோட்டையின் கூஸ்லாண்டு குடும்பத்துப் பிள்ளையாகக் கதையைத் தொடங்க விரும்புவோருக்குப் போர்வீரன், கள்வன் (ரோக்) என்ற இரண்டு வகுப்புகள் மட்டுமே கிடைக்கும். மந்திரவாதியாக ஆட விரும்பினால், மந்திரவாதிகளை அடைத்துவைத்துப் பயிற்றும் சர்க்கிள் கோபுரத்தில் வளர்ந்த, வீட்டுத் தொடர்பு அறுந்துபோன ஒருவராகத்தான் தொடங்க முடியும். இதை ஆட்டக்காரரின் வசதிக்காகச் செய்த ஏற்பாடு என்று கடந்துவிடலாம். ஆனால் தெடாஸ் உலகின் தென்பகுதியில் பிரபுத்துவமும் மந்திரமும் ஒரே உடலில் சட்டப்படி சேர்ந்திருக்க முடியாது என்பதை, எந்த உரையாடலும் தொடங்குவதற்கு முன்பே அந்தத் தேர்வுப் பட்டியல் சொல்லிவிடுகிறது. உயர்குடியில் மந்திர ஆற்றலோடு ஒரு குழந்தை பிறந்தால் குடும்பத்துக்கும் குழந்தைக்கும் என்ன நேர்கிறது என்பதற்கு அந்த உலகம் மூன்று வெவ்வேறு விடைகளை வைத்திருக்கிறது. அவற்றுள் எது குறைந்த கேடு விளைவிக்கிறது என்பதே இங்குக் கேள்வி.

முதலில் தென்னாட்டு முறை. ஃபெரெல்டன், ஓர்லே, சுதந்திர நகரங்கள் ஆகியவற்றில் சான்ட்ரி எனும் சமய அமைப்பின் சட்டமே செல்லும். மந்திரம் வெளிப்பட்ட குழந்தையைச் சான்ட்ரியின் வீரர்களான டெம்ப்ளர்கள் சர்க்கிளுக்குக் கொண்டு செல்வார்கள்; அன்றோடு பட்டத்துக்கும் நிலத்துக்குமான உரிமை போய்விடும். ரெட்கிளிஃப் கோட்டையின் தலைவன் ஏமனின் ஒரே மகன் கானருக்கு மந்திரம் வெளிப்பட்டபோது, மகனையும் வாரிசையும் ஒருசேர இழக்க மனமில்லாத தாய் இசோல்ட், கணவனுக்குக்கூடச் சொல்லாமல் ஓர் ஆசிரியனை அமர்த்துகிறாள். முறையான ஆசிரியர் எவரும் இந்த வேலைக்கு வரமாட்டார். ஆகவே சர்க்கிளிலிருந்து தப்பியோடிய, பயிற்சியே முடிக்காத ஜோவன்தான் கிடைக்கிறான்; அவனை அங்கே அனுப்பியதே ஏமனுக்கு நஞ்சு வைப்பதற்காக, ஆட்சியைக் கைப்பற்றிய தளபதி லோகெய்ன் செய்த சூழ்ச்சி. தந்தையைக் காப்பாற்றச் சிறுவன் பேயோடு உடன்படிக்கை செய்துகொள்கிறான். இரவுதோறும் கோட்டையிலிருந்து பிணங்கள் இறங்கி வந்து ஊரைத் தாக்குகின்றன. நாம் கோட்டைக் கூடத்துக்குள் நுழையும்போது, ஏமனின் தம்பி டீகன் அந்தச் சிறுவனுக்கு முன்னால் கோமாளியைப் போலக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருக்கிறார். பிரபுக் குடும்பத்தின் மானம் அந்த ஒரு காட்சியில் கப்பலேறுகிறது.

சட்டம் எதைத் தடுக்க எழுதப்பட்டதோ, அதையே ரெட்கிளிஃபில் சட்டம் உண்டாக்கியது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. குழந்தையை அறிவித்தால் எல்லாம் போய்விடும் என்ற நிலை இல்லாவிட்டால் இசோல்டுக்கு மறைக்க வேண்டிய தேவை வந்திராது. மறைக்காதிருந்தால் ஜோவன் உள்ளே நுழைந்திருக்கவே முடியாது. பயிற்சியற்ற மந்திரவாதி ஆபத்தானவர் என்ற சான்ட்ரியின் அச்சம் நியாயமானது என்பதைக் கானரே மெய்ப்பிக்கிறான். அந்த அச்சத்துக்கு வாரிசுரிமைப் பறிப்பையும் சேர்த்துக் கட்டியதால், பயிற்சியை நாடிப் போகவேண்டிய குடும்பமே பயிற்சியிலிருந்து ஓடி ஒளிகிறது.

சுதந்திர நகரங்களில் ஒன்றான கிர்க்வால் இதே முறையின் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. 2011-இல் வந்த இரண்டாம் பாகத்தின் நாயகக் குடும்பமான அமெல் குடியில், ரெவ்கா அமெல்லின் பிள்ளைகள் மந்திரம் வாய்த்துப் பிறந்ததால் பெயர் கெட்டது என்ற பேச்சு ஊரில் இருக்கிறது. அதே குடும்பத்தில் பிறந்த, நாயகரின் தாய் லியாண்ட்ரா, டி லான்செட் குடும்பத்துச் சம்பந்தத்தை உதறிவிட்டு, மால்கம் ஹாக் என்ற மந்திரவாதியோடு ஃபெரெல்டனுக்குப் போய்விட்டாள். ஆனால் மாளிகை கைவிட்டுப் போனதற்கு நேரடிக் காரணம் மந்திரம் அன்று. அவளுடைய தம்பி கேம்லனின் கடன்கள். அதே டி லான்செட் குடும்பத்திலும் ஒரு பிள்ளைக்கு மந்திரம் வாய்த்தது. எமில் என்ற அந்தப் பையன் ஆறு வயதில் சர்க்கிளுக்குக் கொண்டுபோகப்பட்டான். குடும்பமோ செல்வர்கள் வாழும் ஹைடவுன் பகுதியில் எந்தக் குறையும் இல்லாமல் விருந்து நடத்திக்கொண்டிருக்கிறது. ஆக, மந்திரக் குழந்தை பிறந்ததால் மட்டும் ஒரு குடி வீழ்ந்துவிடுவதில்லை. பணமும் செல்வாக்கும் இருக்கும் வரை ஊர் அதை மறந்துவிடும். இரண்டும் போன பிறகு ஊர் அதையே முதல் காரணமாக எடுத்து வைக்கும்.

மறதியின் செலவு முழுவதையும் எமில்தான் கட்டுகிறான். வளர்ந்தபின் தப்பியோடும் அவன் போய் உட்காருவது ஒரு மலிவான மதுக்கடையில். தன் கையால் ஒரு வேளை சமைக்க வேண்டும், ஒரு பெண்ணை முத்தமிட வேண்டும் என்பவையே அவன் ஆசைகள். அந்தப் பெண்ணின் கவனத்தைக் கவர, தான் தடைசெய்யப்பட்ட இரத்த மந்திரம் கற்றவன் என்று அளந்துவிடப் போய், அதுவே அவன் தலைக்கு வினையாகிறது. பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பிரபுவின் மகன் இவ்வளவு சிறியவற்றுக்கு ஏங்குவதை இரண்டாம் முறை ஆடும்போது அப்படிச் சிரித்துவிட முடிவதில்லை.

வடக்கே டெவின்டர் பேரரசு இதற்கு நேர் எதிர். மந்திரம் மனிதனுக்குப் பணி செய்ய வேண்டும், அவனை ஆளக்கூடாது என்ற, சான்ட்ரி போற்றும் ஞானி ஆண்ட்ராஸ்டேயின் போதனையை இரு நாடுகளும் ஏற்கின்றன. ஆட்சி நடத்துவதே மந்திரவாதி செய்யும் பணி என்று டெவின்டர் அதற்குப் பொருள் சொல்லிக்கொள்கிறது. அங்கே ஆல்டஸ் எனப்படும் பழைய உயர்குடிகளின் மேன்மையே மந்திரத்தில்தான் இருக்கிறது. மந்திரமில்லாத குடிமக்களாகிய சொப்பொராட்டிகளுக்கு மேஜிஸ்டீரியம் என்ற ஆளும் மன்றத்தில் இடமே கிடையாது. கானர் அங்கே பிறந்திருந்தால் வீட்டில் திருவிழா நடந்திருக்கும்.

இந்தக் காரணத்தால் டெவின்டரே மேல் என்று வாதிடும் ஆட்டக்காரர்கள் உண்டு. அவர்கள் 2014-இல் வந்த மூன்றாம் பாகமான இன்க்விசிஷனில், டெவின்டர் பிரபு மகன் டோரியன் பாவஸின் கதையை மறுபடி பார்க்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கணக்குப் பார்த்துப் பெண் கொடுத்துப் பெண் எடுத்து, குறையற்ற மந்திரவாதி ஒருவனை வடித்தெடுக்க முயலும் குடும்பங்களில் அவனுடையதும் ஒன்று. ஆற்றலில் எந்தக் குறையும் இல்லாத அவன், பெண்ணை மணந்து வாரிசு தர மறுக்கிறான். ஆண்களை விரும்புகிறவன் அவன். மகனின் இயல்பையே மாற்றிவிட, தந்தை ஹால்வார்ட் தாம் வாழ்நாளெல்லாம் வெறுத்த இரத்த மந்திரத்தை நாடத் துணிகிறார். ரெட்கிளிஃபின் மதுக்கடையில் தந்தையும் மகனும் எதிர்ப்படும் காட்சியில் டோரியனின் கோபம் முழுவதும் இந்த ஒன்றின் மேல்தான் இருக்கிறது.

இசோல்டையும் ஹால்வார்டையும் அருகருகே நிறுத்தினால், இரு நாடுகளின் வேறுபாடு வெளித்தோற்றத்துக்குத் தெரிவதைவிடக் குறைவு என்பது விளங்கும். ஒருத்தி பிள்ளையை விட்டுக்கொடுக்க மறுத்து ஊரைப் பலியிடுகிறாள். ஒருவர் குடிப்பெருமையை விட்டுக்கொடுக்க மறுத்துப் பிள்ளையைப் பலியிடத் துணிகிறார். அன்பின் அளவில் இசோல்ட் உயர்ந்தவள் என்பதில் எனக்கு ஐயமில்லை. விளைவின் அளவில் அவளால் செத்தவர்கள் அதிகம். டெவின்டர் முறை மந்திரமில்லாத பிள்ளைகளை என்ன செய்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அலெக்ஸியஸ் என்ற டெவின்டர் பிரபுவின் மகன் ஃபெலிக்ஸ் மந்திரத்தில் சாதாரணமானவன். கணிதம் படிக்க அவன் ஓர்லேவுக்குப் போனான். அது மகனை நேசிக்கும் தந்தை வாய்த்தவனின் வாழ்க்கை. அத்தகைய தந்தை வாய்க்காதவர்களுக்கு அங்கே போக்கிடம் இல்லை.

மூன்றாவது, நெவாரா. சான்ட்ரியின் சட்டம் அங்கும் உண்டு. ஆனால் இறந்தோரைப் பதப்படுத்திக் கல்லறை மாளிகைகளில் வைப்பது உயர்குடியினரின் பெருமையாக இருப்பதால், அதைச் செய்யும் மோர்ட்டலிடாசி என்ற மந்திரவாதிகளின் அமைப்பை எந்தப் பிரபுவும் பகைத்துக்கொள்ள முடியாது. மன்னரைப் பகைத்த பெற்றோரை இழந்த, இன்க்விசிஷனில் நாயகருக்குத் துணையாக வரும் கசாண்ட்ரா பென்டகாஸ்டையும் அவள் அண்ணனையும் வளர்த்த சிற்றப்பா வெஸ்டலஸ் இந்த அமைப்பைச் சேர்ந்தவரே. ஃபெரெல்டனில் இதை நினைத்துப் பார்க்க முடியுமா? அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மந்திரவாதி, தலைநகரில், தன் வீட்டில், அரச குடும்பத்துப் பிள்ளைகளை வளர்க்கிறார்! அவர் உயிரோடிருப்பவர்களைவிட இறந்தவர்களையே அதிகம் விரும்பினார் என்று கசாண்ட்ரா குறைபட்டுக்கொள்கிறாள்; நல்ல வளர்ப்பு என்று சொல்ல முடியாது. இந்த நாட்டை நெருங்கிக் காண 2024-இல் வந்த நான்காம் பாகமான தி வெய்ல்கார்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதில் வரும் எம்ரிக், கசாப்புக்காரரின் மகனாகப் பிறந்து பெருங்கல்லறையில் மதிப்புமிக்க அறிஞராக உயர்ந்தவர்.

ஓர்லே அரசவையில் விவியன் என்ற மந்திரவாதி அடைந்த செல்வாக்கை நான்காவது வழியாகச் சிலர் சேர்ப்பார்கள். அது ஒருத்தியின் சாமர்த்தியம். ஒரு குடும்பம் அதை நம்பிப் பிள்ளையை வளர்க்க முடியாது.

என் தீர்ப்பு இது. குடும்பத்தின் கண்ணால் பார்த்தால் டெவின்டர்தான் வசதி. குழந்தையின் கண்ணால் பார்த்தால் நெவாரா. தென்னாட்டு முறை இரண்டு பக்கமும் தோற்கிறது. ஆனால் மறுபடி ஒரு தொடக்கக் கதையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஆட்டக்காரனாக நான் அமெல் என்ற பெயரோடு கோபுரத்தில் வளர்ந்த அந்தப் பிள்ளையையே எடுப்பேன். முதல் பாகம் முழுவதும் அந்தக் குடும்பப் பெயருக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பது சொல்லப்படுவதே இல்லை. அதைத் தெரிந்துகொள்ள அடுத்த பாகத்தில், வேறொரு நகரத்தில், வேறொருவரின் தாயோடு பேச வேண்டியிருக்கிறது.