கியர் மாற்றும்போது ஜர்க் அடித்த காரும் கடலூர் முதுநகர்ப் பட்டறையும்

கடலூர் முதுநகரில் ஒரு சிறிய கார் பட்டறை இருக்கிறது. கோளாறு எது என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஸ்பேனரைக் கையில் எடுக்கிறார்கள் என்பதுதான் அதைப் பற்றி நான் முதலில் சொல்ல வேண்டிய செய்தி.

எங்கள் பெட்ரோல் கார் கையால் கியர் மாற்றும் வகை. முதல் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாற்றும்போதெல்லாம் வண்டி வெட்டி இழுத்தது. கூடவே அடியில் ‘டொக்’கென்று ஒரு சத்தம். முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் பக்கம் வண்டிகள் ஊர்ந்து போகும் நேரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கழுத்து வலியே வந்துவிடும். புதுச்சேரியில் முதலில் காட்டிய இடத்தில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைத்துப் பிரிக்கும் கிளட்ச் செட் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கிளட்ச் பிளேட்டைப் பார்க்க வேண்டுமானால் கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். லேபரே பெரிய தொகை ஆகும் அந்த வேலையை ஊகத்தின் பேரில் தொடங்கச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

முதுநகர் மெக்கானிக் என்னையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தார். பிறகு தாமே ஓட்டினார். இரண்டாம் கியரில் போய்க்கொண்டிருக்கும்போது கிளட்சைத் தொடாமல், ஆக்சிலரேட்டரை மட்டும் சட்டென்று விட்டு மறுபடி மிதித்தார். அப்போதும் அதே குலுக்கல், அதே சத்தம். கிளட்சை மிதிக்காதபோதும் வருகிற ஜர்க்குக்குக் கிளட்சைக் குற்றம் சொல்வதற்கு முன் மற்றவற்றைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னது எவ்வளவு சரியானது என்பது அடுத்த சோதனைகளில் தெரிந்தது.

சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாம் கியரில் வைத்துக் கிளட்சை மெல்ல விட்டபோது எஞ்சின் உடனே நின்றுவிட்டது; பிளேட் நன்றாகப் பிடிக்கிறது என்று பொருள். தேய்ந்த பிளேட்டாக இருந்தால் வண்டி நகராமலே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். (இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் பிளேட் கருகிவிடும்.) பிறகு பானெட்டைத் திறந்து வைத்து, உள்ளே ஒருவர் பிரேக்கை அழுத்தியபடி முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சைச் சற்றே விட, எஞ்சின் முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியும்படி எகிறியது. எஞ்சினைக் காரின் உடலோடு பிணைக்கும் கீழ்ப்பக்க எஞ்சின் மவுண்டிங்கின் ரப்பர் இரும்பிலிருந்து பிய்ந்து தனியாகத் தொங்கியதை டார்ச் அடித்துக் காட்டினார். கியர் மாறும்போது எஞ்சினின் இழுவிசை திசை மாறுவதால் அது ஆடத்தான் செய்யும். அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய ரப்பர் இல்லாதபோது இரும்பு இரும்பில் மோதி, அந்த அதிர்ச்சி முழுவதும் காரின் உடலுக்கு வந்துவிடுகிறது.

கடற்காற்றில் துருவேறி இறுகிப்போயிருந்த போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருகாமல், துரு நீக்கும் எண்ணெய் விட்டு, ஊறவைத்து, பொறுமையாகக் கழற்றியதைக் குறிப்பிட வேண்டும். அவசரப்பட்டுத் தலையை முறித்திருந்தால் வேலை இரட்டிப்பாகியிருக்கும். மவுண்டிங்கை மாற்றி, எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும், கரி படிந்திருந்த திராட்டில் பாடியைச் சுத்தம் செய்து, கிளட்ச் கேபிளைச் சரிசெய்து கொடுத்தார்கள். சோதனைக்கென்று தனியாகக் கட்டணம் வாங்கினார்கள். அதையும் சேர்த்து, முதலில் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. சோதனைக்குக் கட்டணம் கேட்பதை நான் வரவேற்கிறேன்; கண்டுபிடிக்கும் உழைப்புக்கே கூலி கிடைக்கும்போது, தேவையில்லாத பாகத்தை விற்றுத்தான் சம்பாதிக்க வேண்டும் என்ற நெருக்கடி மெக்கானிக்குக்கு இல்லை.

குறைகளும் உண்டு. உட்கார இடமில்லை, மவுண்டிங் வரும்வரை வெயிலில் காத்திருக்க வேண்டியதாயிற்று. போன் செய்தால் எடுப்பது அரிது. பில்லைக் கையால் எழுதித் தருகிறார்கள், அதிலும் பாகத்தின் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

கிளட்ச் பெடல் இல்லாமல் தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த இடம் பொருந்தாது. 2014இல் மாருதி செலேரியோவோடு இங்கே பரவத் தொடங்கிய அந்த வகையில் கிளட்சையும் கியரையும் இயக்குவது ஓட்டுநரின் கை கால் அல்ல, ஆக்சுவேட்டர் என்ற தானியங்கிக் கருவி என்பதால், கியர் மாறும்போது லேசான தலையாட்டம் இயல்பாகவே இருக்கும். அது நாளடைவில் கூடினால், கிளட்ச் பிடிக்கும் இடத்தை காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் வழியாக மீண்டும் பதிய வைக்க வேண்டியிருக்கும். அதற்கான கருவி தங்களிடம் இல்லை என்று முன்கூட்டியே சொல்லி, வண்டியைத் தொடாமல் கம்பெனி சர்வீஸுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.