ஒரு பெட்டர்னும் ஒரு வகுப்பும்: மலையகத் தையல் ஆசிரியைகளுக்கு உள்ள வழிகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை ஆகிய இடங்களில் கடைகளின் மேல்மாடிகளிலும் தோட்டங்களின் சனசமூக நிலையங்களிலும் நடக்கும் தையல் வகுப்புகளில், சாரி பிளவுஸ், சிறுமியர் சட்டை என்ற வழக்கமான வரிசைக்குப் பின்னால், துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வையான குயில்ட்டையும் சேர்த்துக்கொள்ள விரும்பும் ஆசிரியைகள் இருக்கிறார்கள். ஆடைத் தொழிற்சாலைகளின் வெட்டுத் துண்டுகள் நிறுவையில் மலிவாகக் கிடைப்பதும், இங்குள்ள குளிரும், ஏப்ரல் பருவகாலத்தில் நுவரெலியாவுக்கு வரும் பயணிகளிடம் கைவேலைப் பொருட்களை விற்க முடிவதும் அந்த விருப்பத்துக்குக் காரணங்கள். பிளவுஸ் வகுப்பில் ஆசிரியை உடம்பில் அளவெடுத்துத் தானே தாளில் வரைந்து வெட்டுவதால், பெட்டர்ன், அதாவது வெட்டவும் தைக்கவும் வழிகாட்டும் வரைபடமும் விளக்கமும், யாருடையது என்ற கேள்வி எழுவதேயில்லை. குயில்ட்டின் நிலை வேறு. அதன் பெட்டர்ன் பெரும்பாலும் அமெரிக்காவிலோ அவுஸ்திரேலியாவிலோ இருக்கும் ஒருவர் வரைந்து, இணையத்தில் விற்பது. அதை வகுப்புக்குக் கொண்டுவரும் வழிகள் சில உண்டு; அவற்றில் எது எந்த வகுப்புக்குப் பொருந்தும் என்பதே இங்கு பார்க்கப்படுகிறது.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலங்கையில் பதிப்புரிமையை ஆள்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். இலங்கை 1959 முதலும் அமெரிக்கா 1989 முதலும், ஒரு நாட்டின் படைப்பை மற்ற உறுப்பு நாடுகளிலும் காக்கும் பேர்ன் உடன்படிக்கையில் இருப்பதால், அங்கு வரைந்த பெட்டர்னுக்கு இங்கும் பாதுகாப்பு உண்டு. பொதுவாக அது படைப்பாளியின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். பெட்டர்னில் உள்ள வரைபடங்கள், விளக்க வாசகங்கள், புகைப்படங்கள் ஆகியவை பாதுகாக்கப்பட்டவை. தைக்கும் முறை, வெட்டும் கணக்கு, ஒரு சதுரத்தை இரண்டு முக்கோணமாக்கும் உத்தி போன்றவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, ஏனெனில் எண்ணத்தையும் செய்முறையையும் சட்டம் வெளிப்படையாகவே விலக்கிவைக்கிறது. இந்த வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மிகவும் வழக்கிலுள்ள வழி, ஆசிரியை ஒரு பெட்டர்னைப் பணம் கொடுத்து வாங்கி, மாணவியர் எல்லோருக்கும் போட்டோப் பிரதி எடுத்துக் கொடுப்பதாகும். இப்போது அதற்குக் கடைக்குப் போகக்கூட வேண்டியதில்லை. “டீச்சர், எனக்கும் வட்ஸ்அப்பில போட்டு விடுங்க” என்று ஒருவர் கேட்டால் முழு வகுப்புக்கும் கோப்பு போய்விடுகிறது. இதைக் களவு என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. ஆனால் விலையைப் பார்த்தால் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. இணையத்தில் ஒரு குயில்ட் பெட்டர்ன் சாதாரணமாகப் பத்து முதல் பதினான்கு டொலர் வரை விற்கிறது. டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தால், 12 டொலர் பெட்டர்ன் ஒன்று 3,600 ரூபாய். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 2024இல் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். கொழுந்து பறித்துவிட்டு மாலையில் தைக்க வருபவரிடம் அந்தக் கணக்கில் ஏறத்தாழ மூன்று நாட் கூலியைத் தாளுக்காகக் கேட்க எந்த ஆசிரியைக்கும் வாய் வராது.

ஆனாலும் இந்த வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன். கற்பித்தலுக்குச் சலுகை உண்டே என்று பலர் சொல்வார்கள். உண்டு, ஆனால் அதன் எல்லை குறுகியது. நேரடி வகுப்பறைக் கற்பித்தலுக்காகப் பிரதியெடுக்கச் சட்டம் இடம் கொடுப்பது, நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிக இலாபம் கருதாத கல்வி நிறுவனங்களுக்கு; அதுவும் வெளியான கட்டுரை, சிறு படைப்பு, படைப்பொன்றின் சிறு பகுதி ஆகியவற்றுக்கு; அதுவும் தனித்த ஒரு சந்தர்ப்பத்துக்கு. கட்டணம் வாங்கும் நகரத்து வகுப்பு முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிடும். தோட்டத்தில் இலவசமாக நடத்தும் வகுப்புக்குச் சற்றுக் கூடுதலாக வாதாட இடம் இருக்கலாம். ஆனால் அங்கும் தொகுதிக்குத் தொகுதி அதே பெட்டர்னை நகலெடுத்தால் அது தனித்த சந்தர்ப்பம் ஆகாது. நியாயமான பயன்பாடு பற்றிய பொதுவான பிரிவு கற்பித்தலை ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்வது உண்மைதான். எனினும் எவ்வளவு எடுக்கப்பட்டது, படைப்பின் சந்தைக்கு என்ன பாதிப்பு என்ற கேள்விகளையும் அதே பிரிவு கேட்கிறது. குயில்ட் பெட்டர்னின் சந்தையே அதைத் தைக்கக் கற்றுக்கொள்பவர்கள்தான். முழுப் பெட்டர்னையும் அவர்களுக்கே இலவசமாகக் கொடுத்தபின், சந்தைக்குப் பாதிப்பில்லை என்று சொல்ல வழியில்லை. வரைந்தவரும் பெரும்பாலும் தன் வீட்டு மேசையில் இருந்து தனியாக வேலை செய்யும் ஒரு பெண்ணாகவே இருப்பார்.

இதற்கு நேர் எதிரான வழி, ஒவ்வொரு மாணவியும் தனக்கென ஒரு படி வாங்குவது. சட்டப்படி இதைவிடச் சுத்தமான வழி இல்லை. அரசாங்க உத்தியோகத்தர்களும் வங்கி ஊழியர்களும் வரும் ஹட்டன், கண்டி வகுப்புகளில் இது நடைமுறைக்கும் சரிவரும். வகுப்புக் கட்டணத்தோடு பெட்டர்ன் விலையையும் சேர்த்து அறிவித்துவிட்டு, ஆசிரியையே தன் அட்டையில் தேவையான எண்ணிக்கையை வாங்கிப் பற்றுச்சீட்டை மாணவியரிடம் காட்டினால் போதும். எல்லோரிடமும் வெளிநாட்டுக்குப் பணம் செலுத்தும் அட்டை இருப்பதில்லை என்பதால், அப்படி வாங்கலாமா என்று விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த வழியில் தொழில்சார்ந்த ஒரு நன்மையும் உண்டு. அமெரிக்கப் பெட்டர்ன்கள் லெட்டர் என்ற தாள் அளவுக்கு அமைக்கப்படுபவை. அதன் அகலம் எட்டரை அங்குலம். நம் கடைகளில் இருப்பது A4. அது சற்று ஒடுக்கமானது. அச்சிடும்போது தாளுக்குப் பொருத்தும் தெரிவைப் போட்டுவிட்டால் படம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் சுருங்கிவிடும். துண்டுகளை இணைத்துத் தைக்கும் குயில்ட்டின் அலகுச் சதுரத்தைக் கட்டம் என்போம்; 12 அங்குலக் கட்டம் ஏறத்தாழ மூன்றில் ஒரு அங்குலம் குறைந்துபோகும். நகலின் நகலில் இது இன்னும் கோணலாகும். கோப்பை நேராகக் கையில் வைத்திருப்பவர் நூறு வீதத்தில் அச்சிட்டு, ஓரத்தில் உள்ள ஒரு அங்குலச் சோதனைச் சதுரத்தை அளவுகோலால் அளந்து பார்த்துவிட்டுத் தொடங்கலாம். எங்கிருந்தோ வந்த மங்கிய பிரதியைக் கையில் வைத்திருப்பவருக்கு, முனைகள் பொருந்தாதபோது தவறு தையலிலா தாளிலா என்று தெரியாது.

தாள்மேல் தைத்துப் பின் தாளைக் கிழித்தெடுக்கும் முறைக்கு இங்கே தனியாக ஒரு குறிப்பு வேண்டும். அந்த முறையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தாள் அழிந்துபோவதால், வாங்கியவர் தன் சொந்தக் குயில்ட்டுக்காகப் பல பிரதிகள் எடுக்க அநேகமான பெட்டர்ன்கள் முதல் பக்கத்திலேயே அனுமதி தந்துவிடுகின்றன. அந்த வரியைக் காட்டி முழு வகுப்புக்கும் நகல் கொடுப்பது பொருத்தமில்லை; அந்த அனுமதி வாங்கியவரின் குயில்ட்டோடு நின்றுவிடுகிறது.

நகலெடுத்துக் கொடுப்பதற்கும் ஆளுக்கொரு படி வாங்குவதற்கும் நடுவில் நிற்பது, வரைந்தவரிடம் எழுத்தில் அனுமதி கேட்பது. கேட்பதற்குச் செலவில்லை, ஆனால் பலர் முயல்வதே இல்லை. வகுப்பு எங்கே நடக்கிறது, எத்தனை பேர், கட்டணம் எவ்வளவு, எத்தனை தொகுதிகளுக்கு வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதி, வகுப்புக்கெனக் குறைந்த விலை தர முடியுமா என்று கேட்கலாம். வகுப்புகளுக்கென மொத்த விலை வைத்திருக்கும் வடிவமைப்பாளர்களும் உண்டு. பதில் வராவிட்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் இந்த வழியின் குறை. வகுப்பு தொடங்கும் நாள் நெருங்கும்போது பதிலுக்காகக் காத்திருக்க முடியாது. பதில் வந்தால் அந்த மின்னஞ்சலை அச்சிட்டு வகுப்புக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இலவசப் பெட்டர்ன்கள் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. துணி நிறுவனங்கள் தங்கள் துணியை விற்பதற்காக அவற்றைத் தங்கள் தளங்களில் இலவசமாக வெளியிடுகின்றன. அங்கே இலவசமாக இருப்பது எடுத்துக்கொள்வது மட்டுமே; அச்சிட்டுப் பகிர்வதற்கு அது தானாக அனுமதி ஆகாது. மாணவியருக்கு இணைப்பை அனுப்பி, அவரவர் எடுத்துக்கொள்ளச் சொன்னால் பிரச்சினை இல்லை. யூடியூப் பாடங்களும் அப்படித்தான்: இணைப்பைக் கொடுக்கலாம், காணொளியைத் தரவிறக்கி வகுப்பின் பெயரில் சுற்றுக்கு விடக்கூடாது. கைத்தொலைபேசிச் சமிக்ஞை சரியாக எட்டாத தோட்டப் பிரிவுகளில் இணைப்பு பயன்படாது என்பது உண்மை. அந்த வகுப்புகளுக்கு அடுத்த வழியே சிறந்தது.

அந்த வழி, மரபான கட்டங்களை ஆசிரியை தன் சொந்தக் குறிப்பிலிருந்து கற்பிப்பது. தொடக்க வகுப்புக்கு மற்ற எல்லா வழிகளையும்விட இதையே நான் முன்வைப்பேன். நைன் பெட்ச், லொக் கெபின், ஃபிளையிங் கீஸ் போன்றவை பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தைக்கப்பட்டு வருபவை. அவற்றுக்கு இன்று உரிமையாளர் யாரும் இல்லை. உரிமை இருப்பது அவற்றை விளக்கிய குறிப்பிட்ட புத்தகத்தின் படங்களுக்கும் வாசகங்களுக்கும் மட்டுமே. ஆகவே புத்தகத்தைப் படித்து விளங்கிக்கொண்டு, மூடி வைத்துவிட்டு, கணக்கைத் தானே போட்டு, கட்டத்தாளில் தானே வரைந்தால், அந்தக் குறிப்பு ஆசிரியைக்கே சொந்தம். எத்தனை பிரதியும் எடுக்கலாம்.

அது எவ்வளவு சிறிய வேலை என்பதற்கு லொக் கெபினையே எடுத்துக்கொள்வோம். நடுவில் இரண்டரை அங்குலச் சதுரம் ஒன்று. சுற்றிவரத் தைக்கும் கீற்றுகள் எல்லாம் ஒன்றரை அங்குல அகலம். தையலுக்குக் கால் அங்குலம். முதற்சுற்றுக் கீற்றுகளின் நீளம் முறையே 2½, 3½, 3½, 4½ அங்குலம். அடுத்த சுற்றில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு அங்குலம் கூட்ட வேண்டும், அதற்கடுத்ததிலும் அப்படியே. மூன்று சுற்று முடிந்தால் எட்டரை அங்குலக் கட்டம் கையில் இருக்கும். பக்கத்துக் கட்டங்களோடு தைத்தபின் அது எட்டு அங்குலமாகத் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் அடுத்தடுத்த இரண்டு கீற்றுகளை வெளிர் நிறத்திலும் மற்ற இரண்டை அடர் நிறத்திலும் வைக்கவேண்டும் என்பதைச் சேர்த்தால் பாடம் முடிந்தது. தொழிற்சாலை வெட்டுத் துண்டுகள் பெரும்பாலும் ஒடுக்கமாகவே வருவதால் இந்தக் கட்டம் அவற்றுக்கென்றே அமைந்தது போலிருக்கும். பின்னல் துணியை மட்டும் பிரித்து ஒதுக்கிவிட வேண்டும், இழுபட்டு அளவைக் கெடுத்துவிடும். கால் அங்குலத் தையலுக்கென, துணியை அழுத்திப் பிடிக்கும் தனி மெசின் பாதம் வாங்க வேண்டியதில்லை. ஊசியிலிருந்து அளந்து மெசின் தகட்டில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டினால் போதும்.

எனினும் பழையதுபோலத் தோன்றுவதெல்லாம் மரபு என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி ஸ்டார் பத்திரிகை 1928 முதல் 1961 வரை குயில்ட் கட்டங்களை வெளியிட்டது. பாட்டி காலத்துப் பொருளாகத் தெரியும் அவற்றில் பிந்தியவற்றின் உரிமை நிலையை ஒவ்வொன்றாகவே பார்க்க வேண்டும். அதுபோல, மரபுக் கட்டங்களையே கொண்டு ஒருவர் தனக்கேயுரிய நிற ஒழுங்கிலும் இணைப்பிலும் ஆக்கிய முழுக் குயில்ட் அவருடைய படைப்பாக இருக்கலாம். கட்டம் பொது என்பதால் முழு அமைப்பும் பொதுவாகிவிடாது. அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் பெண்களின் குயில்ட்டுகள் இதற்குச் சரியான உதாரணம். பருத்தித் தோட்டமொன்றில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த அந்தப் பெண்கள், பழைய வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்தவை 2006இல் அமெரிக்க அஞ்சல் முத்திரைகளில் இடம்பெற்றன. ஒவ்வொன்றும் பெயருள்ள ஒரு கலைஞரின் ஆக்கம். தேயிலைத் தோட்டத்து வகுப்பில் அவற்றின் படங்களைக் காட்டிப் பேசவேண்டும் என்பது என் விருப்பம். அப்படியே பிரதிசெய்து விற்பதற்கு அவை கிடைத்தவை அல்ல.

கடைசி வழி, ஆசிரியையோ மாணவியரோ தாமே புதிதாக வடிவமைப்பது. இது முன்னேறிய வகுப்புக்குரியது. வாசலில் போடும் புள்ளிக் கோலத்தைக் கட்டத்தாளில் இறக்கினால், நேர்கோட்டுக் கோலங்கள் சதுரமும் முக்கோணமுமாக அழகாகப் பிரிந்துவிடும். சிக்குக் கோலத்துக்கு மட்டும் குறுக்கு வெட்டுக் கீற்றுகளை வளைத்து ஒட்டித் தைக்க வேண்டியிருக்கும், அது கைப்பழக்கம் கேட்கும். கோலப் புத்தகத்தின் பக்கத்தை அப்படியே எடுக்காமல், கையில் வரும் கோலத்தைப் போடுவது இங்கும் பொருந்தும். கண்டிப் பக்கத்துத் தும்பறை நெசவின் உருக்களை எடுப்பதானால் கூடுதல் கவனம் வேண்டும்: அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் வெளிப்பாடுகளுக்குத் தனிப் பாதுகாப்பு தருகிறது. வகுப்பில் காட்டிப் பேசுவதற்கும் அவற்றை வைத்து வியாபாரம் தொடங்குவதற்கும் இடையில் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.

விற்பனையைப் பொறுத்தவரை வழிகளின் வரிசை சற்று மாறுகிறது. மரபுக் கட்டத்தாலும் சொந்த வடிவமைப்பாலும் தைத்ததைப் பண்டாரவளை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ நுவரெலியாவிலோ தடையின்றி விற்கலாம். வாங்கிய பெட்டர்னில் தைத்ததை விற்பதானால், முதல் பக்கத்து நிபந்தனையை வாசித்தே தீரவேண்டும்: சிலர் சிறு அளவில் விற்க விடுகிறார்கள், சிலர் தங்கள் பெயரைச் சீட்டில் எழுதச் சொல்கிறார்கள், சிலர் சொந்தப் பாவனைக்கு மட்டும் என்கிறார்கள். வருமானத்துக்காகவே கற்கவரும் பெண்கள் உள்ள வகுப்பில், பெட்டர்னைத் தெரிவுசெய்யும் நாளிலேயே இதைப் பார்த்துவிட வேண்டும். பத்துப் போர்வை தைத்து முடித்தபின் பார்ப்பதில் பயனில்லை.