விசாகப்பட்டினம் கடற்கரையில் எங்கள் அரக்கோணத்து விமானம்

அரக்கோணத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். விமானத்தைப் பற்றி எழுதும் படிப்பு எனக்கு இல்லை. ஆனால் எங்கள் ஊர்க் கடற்படைத் தளத்திலிருந்து பறந்த டியூ-142 என்ற இந்த ஒரு விமானத்தை இருபது வருடத்துக்கு மேல் தலைக்கு மேலே பார்த்திருக்கிறேன். அதனால் விசாகப்பட்டினத்தில் அதையே நிறுத்திவைத்திருக்கும் அருங்காட்சியகத்தைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

அது கிளம்பும் சத்தம் முதலில் காலில்தான் தெரியும். தரை லேசாக அதிரும், பிறகு ஜன்னல் கம்பி, பிறகு மேசைமேல் வைத்த சாக்பீஸ். அதற்குள் வகுப்பில் முப்பது தலையும் ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். நான் எழுதுவதை நிறுத்திவிட்டு நிற்பேன். கத்திப் பேசினாலும் பின்பெஞ்சுக்குக் கேட்காது. ஒரு நிமிடம் போல ஆகும். அது ஊரைத் தாண்டிப் போனதும் விட்ட இடத்திலிருந்து பாடம் தொடரும்.

ஒருநாள் நான்காம் வகுப்பில் அதை வைத்தே கணக்குப் போட்டேன். "ஒரு விமானத்துக்கு நாலு காத்தாடி. மூணு விமானத்துக்கு எத்தனை?" ஒரு பையன் எழுந்து, "இருபத்திநாலு டீச்சர்" என்றான். தப்பு என்றேன். "இல்ல டீச்சர், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ரெண்டு இருக்கு, நான் பாத்தேன்" என்று பிடிவாதமாக நின்றான். உட்காரச் சொல்லிவிட்டேன். அவன் அப்பா ஓடுபாதைக்கு வெளியே உள்ள நிலத்தில் கூலிக்குப் போவார். பையனும் கூடவே போய் வேலி ஓரமாக நின்று பார்ப்பான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

போன மாதம் பேரனோடு சென்ட்ரலில் ரயிலேறி விசாகப்பட்டினம் போனேன். கடற்கரைச் சாலையில் ஆட்டோ திரும்பியதும் வால்தான் முதலில் தெரிந்தது. "ஆயா, இதுவா?" என்றான் பேரன். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எப்போதும் அடியிலிருந்து அண்ணாந்து பார்த்த ஒன்று, சக்கரம் ஊன்றி என் உயரத்துக்கு இறங்கி நின்றது.

நீளம் 53 மீட்டர். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 50 மீட்டர். பக்கத்தில் போனதும் நான் செய்த முதல் வேலை காத்தாடியை எண்ணியதுதான். நான்கு எஞ்சின். ஒவ்வொன்றின் மூக்கிலும் முன்னும் பின்னுமாக இரண்டு காத்தாடி, ஒவ்வொரு காத்தாடியிலும் நான்கு அலகு. முன்னது ஒரு பக்கமும் பின்னது எதிர்ப்பக்கமும் சுற்றுமாம். ஆக மொத்தம் எட்டு. மூன்று விமானத்துக்கு இருபத்திநாலு. அந்தப் பையன் சொன்னதுதான் சரி.

ஏன் இரட்டைக் காத்தாடி? ஒவ்வொரு எஞ்சினும் கிட்டத்தட்ட 15,000 குதிரைத்திறன் கொண்டது. அவ்வளவு விசையை ஒற்றைக் காத்தாடியால் காற்றில் இறக்கிவிட முடியாது. இரண்டாகப் பிரித்து எதிரெதிராகச் சுற்றவிட்டால், முன்னது முறுக்கிவிடும் காற்றைப் பின்னது நேராக்கித் தள்ளும். ஒரு காத்தாடியின் குறுக்களவு 5.6 மீட்டர். சுற்றும்போது அலகின் நுனி ஒலியின் வேகத்தையே எட்டிவிடும். எங்கள் வகுப்பு ஜன்னல் ஏன் அப்படி அதிர்ந்தது என்பது இத்தனை வருடம் கழித்து எனக்குப் புரிந்தது.

ஜெட் இல்லாமல் காத்தாடியிலேயே மணிக்கு 900 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது இது. ஒரே மூச்சில் 12,000 கிலோமீட்டர் பறக்கும். கடற்படைக்கு வேண்டியிருந்ததும் இந்தத் தூரம்தான். நடுக்கடலில் மணிக்கணக்காகச் சுற்றி, நீருக்கடியில் ஒளிந்திருக்கும் நீர்மூழ்கியைத் தேட வேண்டும்.

எப்படித் தேடும் என்பதைக் காட்சிக்கூடத்தில் காணலாம். சோனோபாய் என்ற உருளைகளை வைத்திருக்கிறார்கள். விமானத்திலிருந்து கடலில் போட்டால் இது மிதக்கும். இதன் அடியிலிருந்து நீருக்குள் ஒரு ஒலிவாங்கி இறங்கும். அது கேட்பதை எல்லாம் மேலே பறக்கும் விமானத்துக்கு ரேடியோவில் அனுப்பும். விமானத்துக்குள் ஆட்கள் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஊரையே அதிர வைத்துக் கிளம்பிய விமானத்தின் வேலை, கடலுக்கடியில் மெல்லிய சத்தத்தைக் கேட்பது! இந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நான் நின்ற அளவுக்கு வேறெங்கும் நிற்கவில்லை. எஞ்சின், உயிர்காப்புச் சாமான்கள், விமானத்தின் தரவுப் பதிவுக் கருவி எல்லாம் இருக்கின்றன. அவற்றைப் பேரன் பார்த்துக்கொண்டான்.

விமானத்துக்குள்ளும் ஏறிப் பார்க்கலாம். வெளியே அவ்வளவு பெரிதாக இருப்பது உள்ளே ஒடுங்கிப் போகிறது. குனிந்துதான் நடக்க வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் நிதானமாக ஏறுங்கள். சுவர் முழுக்கக் கருவிகள், முள்கள், பொத்தான்கள். பத்து மணிநேரத்துக்கு மேல் இதற்குள் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். வால் பக்கம் பீரங்கிக்காரருக்குத் தனி இடம் உண்டு, எல்லோருக்கும் முதுகு காட்டி, வந்த வழியையே பார்த்தபடி.

சாலைக்கு எதிர்ப்பக்கம் ஐஎன்எஸ் குர்சுரா நிற்கிறது. 1969 முதல் 2001 வரை கடற்படையில் இருந்த நீர்மூழ்கி, 2002 முதல் அருங்காட்சியகம். நீர்மூழ்கியைத் தேடும் விமானமும் நீர்மூழ்கியும் ஒரே சாலையில் எதிரெதிரே. இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள், ஆனால் நீர்மூழ்கியை முதலில் பாருங்கள். அதற்குள் போய் வந்த பிறகு விமானத்தைப் பார்த்தால்தான், இந்தப் பெரிய உடம்பு எதைத் தேடிப் பறந்தது என்று மனதில் நிற்கும். நாங்கள் மாற்றிப் பார்த்துவிட்டோம்.

விமானத்தின் அடியில் ஒரு தெலுங்குக் குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. திருத்தணி, நகரி பக்கம் போய் வந்ததில் எனக்குக் கொஞ்சம் தெலுங்கு வரும். இது எங்கள் ஊரில் இருந்தது என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். ரஷ்யாவிலிருந்து நேராக இங்கே வந்தது என்று நினைத்திருந்தார்களாம். அவர்களுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். இந்த விமானங்கள் 1988இல் சோவியத் நாட்டிலிருந்து வந்தன, மொத்தம் எட்டு. முதலில் கோவாவில் ஐஎன்எஸ் ஹன்சா தளத்தில் இருந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே அரக்கோணத்தில் ஒரு விமானத் திடல் இருந்தது. அந்த இடத்தில் பெரிய ஓடுபாதை போட்டுக் கடற்படைத் தளமாக்கினார்கள். 1992 மார்ச் 11 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் திறந்துவைத்தார். ஐஎன்எஸ் ராஜாளி என்று பெயர். தமிழ் டீச்சருக்கு அதைவிட என்ன வேண்டும்! அந்த ஆண்டே இந்த விமானங்கள் எங்கள் ஊருக்கு வந்தன. ஓடுபாதை நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது பயணிகள் விமானங்கள் வந்து இறங்கியது இதில்தான்.

இந்தப் படைப்பிரிவுக்கு எண் 312, பெயர் அல்பட்ராஸ். 1988இல் மாலத்தீவில் ஆட்சிக் கவிழ்ப்பை முறியடித்த நடவடிக்கை, 1999இல் கார்கில் போர்க் காலம், பிறகு கடற்கொள்ளையர் தடுப்பு என்று எல்லாவற்றிலும் பறந்திருக்கிறது. 29 ஆண்டுகளில் 30,000 மணிநேரம், ஒரு விபத்து இல்லை. கீழே வீடு கட்டிக் குடியிருந்தவளுக்கு இந்தக் கடைசி வரி எவ்வளவு பெரியது என்று தெரியும். காலையில் போனது இரவு திரும்பும் சத்தம் கேட்டால்தான் என் அம்மா விளக்கை அணைப்பாள். உள்ளே இருப்பவர்கள் யாரென்று தெரியாது, ஆனாலும் வந்து சேர வேண்டும் அவளுக்கு.

2017 மார்ச் 29 அன்று ராஜாளியில் விடைகொடுத்தார்கள். கடற்படைத் தளபதி சுனில் லான்பா வந்திருந்தார். அடுத்த மாதம் ஒரு விமானம் விசாகப்பட்டினத்துக்குப் பறந்தது. அங்கே பாகம் பாகமாகக் கழற்றிச் சாலை வழியே கடற்கரைக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டினார்கள். டிசம்பரில் அருங்காட்சியகம் திறந்தது. இன்னொன்று கொல்கத்தா நியூடவுனில் காட்சிக்கு இருக்கிறது. ராஜாளிக்குள்ளும் ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் அது படைத்தளம், நினைத்தபோது போய்ப் பார்க்க முடியாது. அதனால் எங்கள் ஊர் விமானத்தைத் தொட்டுப் பார்க்க நாங்கள் ஆந்திராவுக்குத்தான் போக வேண்டும்.

பார்க்க வேண்டிய இடமா என்றால், கண்டிப்பாக. சொந்த ஊர்ப் பாசத்தைத் தள்ளிவைத்தாலும் இதைத்தான் சொல்வேன். எனக்குள்ள ஒரே கவலை உப்புக்காற்று. அலுமினிய உடம்புக்குக் கடற்கரை ஆகாது. திறந்தவெளியில் நிற்கும் இந்த விமானத்துக்கு ஓயாத பராமரிப்பு வேண்டும். இன்னொன்று, குழந்தைகளைக் கூட்டிப்போனால் காத்தாடிகளுக்குக் கீழே கொஞ்ச நேரம் நிறுத்தி அவர்களையே எண்ணச் சொல்லுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.

இப்போது அதே 312ஆம் பிரிவில் போயிங் பி-8ஐ விமானங்கள் பறக்கின்றன. 2013 மே மாதம் முதலாவது வந்து இறங்கியது. இரண்டு ஜெட் எஞ்சின், மொழுமொழுவென்ற உடம்பு, பயணிகள் விமானம் போலவே இருக்கும். நல்ல விமானம் என்கிறார்கள். ஜன்னல் அதிர்வதில்லை.

அன்று மாலை எட்டுக் காத்தாடியும் விழும்படி பேரனை ஒரு படம் எடுக்கச் சொன்னேன். அந்தப் பையன் இப்போது ஓசூரில் வேலையில் இருக்கிறான், அவனுக்கே இரண்டு பிள்ளைகள். படத்தை அனுப்பி, "இருபத்திநாலுதான்பா சரி. அன்னிக்கு உன்னை உட்கார வெச்சது என் தப்பு" என்று எழுதினேன். இரவு போன் செய்தான். கணக்கைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "டீச்சர், வால்ல என்ன நம்பர்னு பாத்தீங்களா? வேலியோரம் நின்னு எல்லா நம்பரையும் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்" என்றான். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு கோடை லீவில் போகிறானாம். குர்சுராவை முதலில் பார் என்று சொல்லியிருக்கிறேன்.