மார்த்தாண்டம் பாலத்தடி ஜெர்சி கடை: அச்சு வேலை முதல் தரம், கொக்கியில் தொங்குவதில்தான் குறை

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே இருக்கிற இந்தச் சின்னக் கடைக்குத் தூத்தூர் பக்கத்து கால்பந்து கிளப் பையன்கள் எல்லாரும் போகக் காரணம் ஒன்றுதான், அச்சு. செட் ஆர்டர் கொடுத்தால் வெள்ளை பாலியஸ்டர் துணியில் நிறம், பெயர், நம்பர் எல்லாவற்றையும் சூட்டில் சாயமாக இறக்கி, அப்புறம்தான் வெட்டித் தைக்கிறார்கள். சாயம் நூலுக்குள்ளேயே போய்விடுகிறது. மணலில் விழுந்து புரண்டு, உப்புத் தண்ணீரில் நனைந்து, வெயிலில் காய்ந்தாலும் நம்பர் உரியாது. எங்கள் தெருப் பையன்கள் போன வருடம் எடுத்த செட் இன்னும் விரிசல் இல்லாமல் இருக்கிறது.

ரெடிமேடாகத் தொங்குகிற ஜெர்சியை எடுத்துப் பெயர் போடச் சொன்னால் கதை வேறு. அடர்ந்த நிறத் துணியில் சாயம் ஏறாது, ஸ்டிக்கரைத்தான் அழுத்தி ஒட்டித் தருவார்கள். வீட்டில் போட்டுக்கொண்டு மேட்ச் பார்க்க அது போதும். விளையாடுகிறவர்கள் தயவுசெய்து ஆர்டர் கொடுத்துச் செய்யுங்கள். நூறு, நூற்றைம்பது கூட ஆகும், ஆனால் அது வீண் செலவு இல்லை.

இனி கொக்கியில் தொங்குகிற சட்டைகளுக்கு வருகிறேன். 2025 கிறிஸ்மஸுக்கு முன்னால் அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு போனபோது வாசல் முழுக்க மெஸ்ஸி சட்டை. டிசம்பர் 13 அன்று அவர் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்துக்கு வந்தபோது நடந்ததைப் பார்த்த பிறகும் அந்தச் சட்டைக்குக் கூட்டம் குறையவில்லை. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வந்தவர்களுக்கு அவர் முகமே தெரியாதபடி பிரமுகர்கள் சூழ்ந்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் போய்விட்டார், நாற்காலிகள் பறந்தன. மெஸ்ஸியை நான் குறை சொல்லமாட்டேன். கால்பந்து என்றால் கைகாட்டிவிட்டுப் போகிற ஒருவரைப் பார்ப்பது என்று ஆக்கி வைத்தவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

அதே மாதத்தில் நம் நாட்டுக் கால்பந்து லீக் ஐஎஸ்எல் எங்கே இருந்தது? ஜூலையில் நிறுத்தி வைத்த சீசன் அதுவரை தொடங்கவே இல்லை. வணிக உரிமைக்கு டெண்டர் விட்டார்கள், ஒருவர்கூடக் கேட்கவில்லை. வீரர்கள் சம்பளம் வருமா வராதா என்று காத்திருந்தார்கள். இந்திய ஆண்கள் அணி கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தது, நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடமும் தோற்றது. இப்படி ஒரு வருடத்தில் நம் கிளப் ஜெர்சி ஒன்றுகூடக் கடையில் இல்லாதது ஆச்சரியம் இல்லை, ஆனால் வலிக்கிறது. 2020-ல் கொல்கத்தா அணி ஏடிகே ஐஎஸ்எல் கோப்பை வென்றபோது அந்த அணியில் இருந்த மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அவர் ஆடின எந்த அணியின் சட்டையையும் நான் இந்தக் கடையில் பார்த்ததில்லை.

கிரிக்கெட் பக்கம் சிவப்புதான் அதிகம். 18 சீசன் காத்திருந்து ஆர்சிபி ஐபிஎல் கோப்பை எடுத்தது நியாயமான சந்தோஷம். ஆனால் மறுநாள் பெங்களூரு மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்ததை மறந்துவிட்டு அந்த வெற்றியைப் பற்றி என்னால் பேச முடியாது. சிஎஸ்கே 14 ஆட்டத்தில் 4 மட்டும் ஜெயித்துக் கடைசி இடத்துக்குப் போனதால் மஞ்சள் சட்டைகள் தள்ளுபடிக் கூடையில் கிடந்தன. 7-ம் நம்பர் மட்டும் முழு விலை.

நாங்கள் தேடிப் போனது இவை எதுவும் இல்லை. ஜூலை 5 அன்று சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று வென்று, தகுதிச் சுற்று ஆடி முதல்முறையாக ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது நம் பெண்கள் கால்பந்து அணி. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தது. அண்ணன் மகளும் நடுக்களத்தில்தான் ஆடுகிறாள், அவளுக்கு அந்தப் பெயர் வேண்டும். கடைக்கார அண்ணனிடம் கேட்டேன்.

"அது யாரு மக்ளே? இதுவரை ஒருத்தரும் கேக்கல்லியே."

"இந்தியா டீமுல ஆடுறவங்க அண்ணே. ஆம்பிளப் பயலுவ போவாத ஆசியக் கோப்பைக்கு இவங்க போறாங்க."

அவர் போனில் அந்த இரண்டு கோலையும் தேடிப் பார்த்தார். ஒற்றைச் சட்டைக்குச் சாய அச்சு போடமாட்டோம் என்று எழுதி ஒட்டியிருக்கிற கடை அது. அன்று ஆர்டர் எடுத்துக்கொண்டார். நாலு நாளில் சட்டை கைக்கு வந்தது. நீலம் சரியான நீலம், எழுத்து நேர்க்கோட்டில், கழுத்துத் தையல் உறுதி. 450 ரூபாய்க்கு இதைவிட என்ன வேண்டும்?

தோள்தான் சரியில்லை. கடையில் இருப்பது எல்லாம் ஆண்கள் அளவு. பெண் பிள்ளைகளுக்கு 32 எடுத்தால் தோள் தொங்கும், 30 எடுத்தால் இடுப்பில் பிடிக்கும். அளவில் மட்டும் இல்லை, பெயரிலும் இதே குறைதான். நவம்பர் 2 அன்று நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று நம் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பையைத் தூக்கினார்கள். அதற்கு முன் அரையிறுதியில் ஆஸ்திரேலியா கொடுத்த 339 இலக்கைத் துரத்தி ஜெமிமா ரோட்ரிக்ஸ் ஆட்டமிழக்காமல் 127 எடுத்ததை எங்கள் தெருவே விழித்திருந்து பார்த்தது. டிசம்பரில்கூட அவர் பெயர் போட்ட ஒரு சட்டை அங்கே தொங்கவில்லை. கேட்டால் போட்டுத் தருவார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் வாசலில் தொங்குவதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் யார் பெயரை முதுகில் போடுவது என்று ஆசைப்படுகிறார்கள்.

அச்சுக்கு ஐந்துக்கு ஐந்து, சரக்குக்கு இரண்டு. செட் ஆர்டர் என்றால் போட்டிக்குப் பத்து நாள் முன்னாடியே கொடுத்துவிடுங்கள், கிறிஸ்மஸ் நேரத்தில் நெருக்கடி. ஞாயிறு காலை பூட்டியிருக்கும். பெண் பிள்ளைகளுக்கு எடுக்கிறவர்கள் தோள் அளவைத் தனியாக எழுதிக் கொடுங்கள், அதன்படி வெட்டித் தருகிறேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.