நோட்டுப் புத்தகமா, எக்செல்லா, செயலியா: காமிக்ஸ் சேகரிப்புக்கு எந்தக் கணக்கு கைகொடுக்கிறது?

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், நடைபாதையில் பழைய புத்தகம் பரப்பியிருந்த ஒருவரிடம் குந்திக்கொண்டு கிளறிக்கொண்டிருந்தேன். அடியிலிருந்து ஒரு முத்து காமிக்ஸ் வந்தது. அட்டை பாதி இல்லை, உள்ளே எல்லாப் பக்கமும் இருந்தது. "நூத்தம்பது குடுங்க சார்" என்றார். அந்த நேரத்தில் மனதில் ஓடியது ஒரே கேள்விதான்: இது வீட்டில் இருக்கிறதா?

சேகரிப்புக்குக் கணக்கு வைப்பதே இந்தக் கேள்விக்காகத்தான். இதற்கு ஒரு நிமிடத்துக்குள், வெயிலில் நின்றபடி, ஒரு கையில் புத்தகத்தையும் மறு கையில் போனையும் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடிகிறதா என்றுதான் ஒவ்வொரு முறையையும் பார்க்கிறேன். அடுத்து வருபவை இரண்டு: இருந்தால் எந்தப் பெட்டியில், எந்த நிலையில்? யாராவது இரவல் வாங்கிப் போயிருக்கிறார்களா?

என்னிடம் ஆயிரத்து முந்நூறு சொச்சம் இதழ்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல், எங்கள் பக்கத்து வாடகை நூல் நிலையங்கள் மூடப்பட்டபோது கட்டுக் கட்டாக வாங்கியவை. பதினைந்து வருடத்தில் நோட்டு, எக்செல், செயலி, போன் படம் எல்லாவற்றையும் முயன்றுவிட்டேன். குடியாத்தத்து நண்பர் ஒருவர் அட்டைகளில் எழுதி வைத்திருக்கிறார், அதையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

எதை எதோடு ஒப்பிடுவதற்கு முன்பும் தமிழ் காமிக்ஸின் சிக்கல் என்னவென்று சொல்லிவிட வேண்டும். வெளியூர் முறைகள் நம்மிடம் வந்து தடுக்கி விழுவது இங்கேதான். முத்து காமிக்ஸ் 1972-இல் இரும்புக்கை மாயாவி என்ற நாயகனின் கதையோடு தொடங்கியது. லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் 1984-இல் வந்தன. சிவகாசியில் லயன், முத்து வந்த அதே இடத்திலிருந்து திகில், மினி லயன், ஜூனியர் லயன், பழைய கதைகளை மறுபதிப்பாகப் போட்ட காமிக்ஸ் கிளாசிக்ஸ் என்று கிளைகளும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரிசை எண். வெறுமனே "இதழ் 25" என்று எழுதி வைத்தால் எந்த 25 என்று பிறகு தெரியாது.

இதைவிடப் பெரிய சிக்கல், இதழும் கதையும் ஒன்றல்ல என்பது. கோடை மலர், தீபாவளி மலர் என்று வாங்கினால் ஒரே புத்தகத்தில் நான்கைந்து கதைகள் இருக்கும். மறுபக்கம், ஒரே கதை பல இதழ்களில் இருக்கும். இரத்தப் படலம் என்ற நீண்ட தொடர்கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பல வருடங்களாகப் பகுதி பகுதியாக வந்தது. 2010-இல் பதினெட்டுப் பாகமும் சேர்த்துக் கறுப்பு வெள்ளையில் ஒரே குண்டுப் புத்தகமாக வந்தது. பிறகு 2018-இல் வண்ணத்தில் வந்தது. "இரத்தப் படலம் இருக்கிறதா?" என்று யாராவது கேட்டால் ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. இந்த வித்தியாசத்தை எந்த முறை தாங்குகிறதோ அதுவே நமக்கு ஆகும்.

சரி, நோட்டு. நான் தொடங்கியது நாற்பது பக்க நோட்டில் அல்ல, கணக்குப் பிள்ளைகள் வைத்திருப்பதுபோல் கெட்டி அட்டை போட்ட நீள நோட்டில். நோட்டைக் குறைத்துப் பேசுகிறவர்கள் அதைத் தப்பாகப் பயன்படுத்தியவர்கள் என்பது என் எண்ணம். வாங்க வாங்க ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே போனால் முந்நூறாவது வரியில் நோட்டு செத்துப்போகும். முப்பத்தேழாம் எண் இதழ் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடவே அரை மணி நேரம் ஆகும். ஆனால் ராணி காமிக்ஸுக்கு நான் செய்தது வேறு. அது 500 இதழ்கள் வந்து 2005-இல் நின்றுவிட்டது, இனி வளராது. அதனால் 1 முதல் 500 வரை கட்டம் போட்டு எண்களை முதலிலேயே எழுதிவிட்டேன். இருப்பதற்கு டிக், அட்டை இல்லாததற்கு வட்டம், இரண்டு பிரதி இருந்தால் இரண்டு டிக். பத்துப் பக்கத்தில் முடிந்தது. கடையில் நின்று பார்க்க ஐந்து விநாடி போதும், சார்ஜும் சிக்னலும் வேண்டாம். முடிந்துபோன வரிசைக்கு இதைவிட நல்ல முறையை நான் பார்க்கவில்லை. லயன் மாதிரி இன்னும் வந்துகொண்டிருக்கும் வரிசைக்கு இது ஒத்துவராது. விலை, மொழிபெயர்ப்பு, மறுபதிப்பு விவரமெல்லாம் கட்டத்துக்குள் அடங்காது.

நோட்டுக்கு ஒரே பகை தண்ணீர். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த அந்த மழையில் எங்கள் வீட்டுச் சுவர் ஊறி, அலமாரியில் சுவரோரம் இருந்த நோட்டில் மைப்பேனாவால் எழுதிய பக்கங்கள் எல்லாம் நீலமாகக் கரைந்துவிட்டன. பால்பாயிண்ட் பேனாவில் எழுதியவை தப்பின. நோட்டு வைப்பவர்கள் பால்பாயிண்டில் எழுதுங்கள், மாதம் ஒருமுறை பக்கங்களைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

குடியாத்தத்து நண்பரின் அட்டை முறை நூலகங்களில் முன்பு இருந்ததுதான். தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊர் என்பதால் மிஞ்சிய அட்டையை வாங்கி ஒரே அளவாக வெட்டிக்கொண்டார். ஒரு கதைக்கு ஓர் அட்டை. அந்தக் கதை எந்தெந்த இதழில் வந்ததோ அதெல்லாம் கீழே கீழே எழுதப்படும். இதழ்–கதை சிக்கலை நான் சொன்ன முறைகளில் முதன்முதலாகத் தீர்த்தவர் அவர்தான். நடுவில் ஒன்றைச் செருகவும் முடியும். ஆனால் ஆறு டப்பா அட்டைகளைக் கடைக்குத் தூக்கிப்போக முடியாது. வீட்டில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்பவருக்கு நல்லது, நடைபாதையில் நிற்பவருக்கு உதவாது.

என் தங்கை மகன் காட்பாடியில் இருக்கிறான், அமெரிக்க காமிக்ஸ் வாங்குபவன். "மாமா, இன்னும் எழுதிக்கிட்டா இருக்கீங்க? ஆப் போடுங்க" என்று சி.எல்.இசட். காமிக்ஸ் என்ற செயலியைக் காட்டினான். அவன் புத்தகங்களில் அது செய்த வேலையைப் பார்த்து உண்மையாகவே அசந்துபோனேன். பின்னட்டையின் பார்கோடு மேல் போனைக் காட்டினால் தொடர் பெயர், இதழ் எண், அட்டைப்படம் எல்லாம் தானே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அமெரிக்க இதழ்களில் வழக்கமான பார்கோடு பக்கத்தில் ஐந்து இலக்கத் துணைப் பட்டை ஒன்று இருக்கும். அதில் முதல் மூன்று இலக்கம் இதழ் எண், நான்காவது எந்த அட்டை, ஐந்தாவது எத்தனையாவது அச்சு. இதழ் எது, மறுபதிப்பு எது என்ற குழப்பத்தை அச்சடிக்கும்போதே தீர்த்துவிடுகிறார்கள். லீக் ஆஃப் காமிக் கீக்ஸ் என்று இன்னொன்றும் அவனிடம் உண்டு, சந்தா கட்டாமலே பயன்படுத்தலாம்.

அப்புறம் என் பெட்டியைத் திறந்தோம். எண்பதுகளின் லயன், முத்து, ராணி எதிலும் பார்கோடே கிடையாது. தலைப்பை அடித்துத் தேடினாலும் நம் இதழ்கள் கிடைக்கவில்லை. கையால் உள்ளிடலாம்தான். ஆனால் எல்லாவற்றையும் நாமே தட்டச்சு செய்வதென்றால் அந்தச் செயலிக்கு எதற்குச் சந்தா கட்டுவது? ஆங்கில காமிக்ஸ் சேர்ப்பவர் யோசிக்காமல் செயலிக்குப் போகலாம். தமிழ் காமிக்ஸ் மட்டும் சேர்ப்பவர் அந்தப் பணத்துக்கு இன்னும் இரண்டு பழைய இதழ் வாங்கலாம். எந்தச் செயலியை எடுத்தாலும் பட்டியலை சி.எஸ்.வி. கோப்பாக, அதாவது எக்செல் போன்றவற்றில் திறக்கும் சாதாரணக் கோப்பாக, வெளியே எடுக்க முடிகிறதா என்று முதல் நாளே பாருங்கள். முடியாதென்றால் உங்கள் உழைப்பு அவர்களிடம் மாட்டிக்கொள்ளும்.

மொழிபெயர்ப்பாக வந்த கதையின் மூலம் எது என்று கண்டுபிடிக்க மட்டும் வெளிநாட்டுத் தகவல் தளம் எனக்கு மிகவும் உதவுகிறது. கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் என்று 1994 முதல் தன்னார்வலர்கள் சேர்த்துவரும் பட்டியல் அது. நம் இரும்புக்கை மாயாவி, பிரிட்டனில் வேலியண்ட் வார இதழில் 1962-இல் தொடங்கிய ஸ்டீல் கிளா. டெக்ஸ் வில்லர் இத்தாலியில் 1948-இல் பிறந்தவர். கேப்டன் டைகர், பிரெஞ்சு மொழியில் வந்த புளூபெர்ரி. என் பட்டியலில் 'மூலத் தலைப்பு' என்று ஒரு பத்தி வைத்து, தெரிந்தவரை நிரப்பி வருகிறேன். இரண்டு வேறு தமிழ்த் தலைப்பில் வந்த ஒரே கதை இப்படித்தான் பிடிபடுகிறது.

எக்செல்லுக்கு வருகிறேன். இதில்தான் அதிகம் அடிபட்டேன், கடைசியில் தங்கியதும் இதில்தான். 2009-இல் முதல் கோப்பைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தேன். வேறு கணினியில் திறந்தால் தமிழே இல்லை, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். நானூறு வரிகளை, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றிச் சரிபார்க்க ஒரு கோடை விடுமுறை போனது. அடுத்த கோப்பு மடிக்கணினியின் ஹார்டு டிஸ்கோடு போயிற்று. அதன்பிறகு கூகுள் ஷீட்ஸ், எக்செல் போலவே இணையத்தில் இருக்கும் அட்டவணை. மின்சாரம் போனாலும் கணினி செத்தாலும் பட்டியல் பத்திரமாக இருக்கிறது. தவறுதலாக அழித்தால் பழைய பதிப்பை மீட்கலாம். போனில் அந்தக் கோப்பை 'ஆஃப்லைன்' என்று குறித்துவிட்டால் சிக்னல் இல்லாத சந்தில்கூடத் திறக்கும்.

தமிழில் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. இதழ் எண்ணை 3-4 என்று அடித்தால் அதைத் தேதியாக மாற்றிவிடும், அந்தப் பத்தியை முதலிலேயே 'டெக்ஸ்ட்' ஆக்கிவிடுங்கள். அகர வரிசையையும் நம்பாதீர்கள். யுனிகோடில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும் இருக்கின்றன. அந்த எண் வரிசைப்படி அடுக்கும் நிரல் எதிலும் நம் அகராதி வரிசை வராது. அதைவிட மோசம் எழுத்துக்கூட்டல். 'ரத்தம்' என்று தேடினால் 'இரத்தம்' கிடைக்கும், ஏனென்றால் அந்த எழுத்துகள் உள்ளேயே இருக்கின்றன. 'இரத்தம்' என்று தேடினால் 'ரத்தம்' கிடைக்காது. ஜேம்ஸ்பாண்ட், ஜேம்ஸ் பாண்ட் என்று இடைவெளி மாறினாலே தேடல் தவறிவிடும். அதனால் நாயகர் பெயருக்குத் தனிப் பத்தி வைத்து, பெயரைத் தட்டச்சு செய்யாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி செய்துகொண்டேன்.

என் கோப்பில் இரண்டு தாள். முதல் தாளில் ஒரு வரி என்றால் கையில் இருக்கும் ஒரு புத்தகம்: வரிசைப் பெயர், எண், ஆண்டு, பெட்டி எண், நிலை, இரவல். இரண்டாவது தாளில் ஒரு வரி என்றால் ஒரு கதை. இரண்டையும் இணைப்பது நான் ஒவ்வொரு புத்தகத்துக்கும் கொடுக்கும் தொடர் எண். குடியாத்தத்து அட்டை முறையேதான், சட்டைப் பையில் அடங்குகிறது என்பதுதான் வித்தியாசம்.

'நிலை' என்ற பத்தியில் நன்று, சுமார் என்று எழுதிப் பயனில்லை. அமெரிக்காவில் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடுகிறார்கள். அது விற்பவருக்கு வேண்டியது. நமக்கு வேண்டியது என்ன குறை என்பது: அட்டை இல்லை, ராமபாணப் பூச்சி அரித்தது, புதிர்ப் பக்கத்தில் பேனாக் கிறுக்கல், ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்தது. மே மாத வேலூர் வெயிலில் தகரப் பெட்டிக்குள் இருந்த மலிவுத் தாள் ஓரம் பொடிந்து உதிர்கிறது, அதையும் எழுதுகிறேன்.

'முத்திரை' என்றும் ஒரு பத்தி இருக்கிறது. வாடகை நூல் நிலையக்காரர்கள் உள்பக்கத்தில் ஊதா முத்திரை குத்துவார்கள். அதில் 'வ.ஆ. மாவட்டம்', அதாவது வட ஆற்காடு மாவட்டம், என்று இருந்தால் எனக்குத் தனிச் சந்தோஷம். 1989-இல் வட ஆற்காடு பிரிவதற்கு முந்தைய முத்திரையாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய முத்திரைக் கட்டையையே பிறகும் பயன்படுத்தியிருக்கலாம் என்பதால் அதை வைத்து மட்டும் ஆண்டு குறிப்பதில்லை. ஆனால் ஆற்காட்டிலும் வாலாஜாவிலும் ஆம்பூரிலும் சிறுவர்கள் நாளுக்கு இத்தனை பைசா என்று கொடுத்துப் படித்த புத்தகம் அது என்பது அந்த முத்திரையில்தான் மிச்சமிருக்கிறது. எந்தச் செயலியும் அதற்கு இடம் வைத்திருக்காது. என் தாளில் நானே ஒரு பத்தி போட்டுக்கொள்கிறேன்.

அட்டை போய் எண்ணும் இல்லாமல் வரும் இதழ்களுக்குக் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். அடுத்த வெளியீட்டின் விளம்பரம் இருக்கும். அந்த அடுத்த இதழ் எது என்று தெரிந்தால் ஒன்று கழித்துக்கொள்ளலாம். பைண்டு செய்த தொகுப்புகளை ஒரே புத்தகமாக எழுதாதீர்கள். உள்ளே ஆறு இதழ் இருந்தால் ஆறு வரி, எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி எண்.

போன் படம் தனியே ஒரு முறையாக நிற்காது, ஆனால் விடவும் முடியாது. தலைப்பு மறந்தாலும் அட்டைப்படம் மறக்காது. விரலால் தள்ளிக்கொண்டே போனால் கண் கண்டுபிடித்துவிடும். மறுபதிப்பில் அட்டை மாறியிருந்தால் மட்டும் ஏமாறுவோம். படத்தின் பெயரில் அந்தத் தொடர் எண்ணையே வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு நடைபாதையில் ஷீட்டைத் திறந்து தலைப்பை அடித்தேன். இருந்தது: தொடர் எண் 0418, பெட்டி 2, அட்டை முழுசு. வேண்டாம் என்று கீழே வைக்கப் போனவன் நிலைப் பத்தியைப் பார்த்தேன்: "நடுப்பின் துரு, பக்கம் 47 முதல் 50 வரை இல்லை." தொண்ணூற்றாறு பக்கத்தில் நடுத்தாள் முதலில் கழன்று விழும், அந்த நான்கு பக்கம்தான் போயிருந்தது. கையில் இருந்ததைப் பிரித்துப் பார்த்தேன். நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது. நூற்றைம்பது ரூபாயை எடுத்து நீட்டினேன்.