எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்கு எந்த ரீசார்ஜபிள் பேட்டரி? பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பிளேஸ்டேஷனின் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரில் பேட்டரி உள்ளேயே அடைபட்டிருக்கும். சாதாரண எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் மட்டும் 2005-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 காலத்திலிருந்தே இரண்டு பென்சில் செல்லில் (AA) ஓடுகிறது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் ரொம்பப் பிடித்ததே இதுதான். செல் தளர்ந்தால் பின்மூடியைத் தள்ளி வேறு இரண்டைப் போட்டால் போதும், ஸ்க்ரூ டிரைவர் பக்கமே போக வேண்டாம்.

நிக்கல் செல், மைக்ரோசாஃப்ட்டின் சார்ஜ் கிட், 1.5 வோல்ட் லித்தியம் செல் என மூன்று வகையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். கடைசியில் நிலைத்தது எனலூப் மாதிரியான நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்தான். பழைய ரீசார்ஜபிள் செல்களைச் சார்ஜ் போட்டு டிராயரில் வைத்தால் சில வாரங்களிலேயே கணிசமாக இறங்கிவிடும். 2005-இல் சான்யோ கொண்டுவந்த எனலூப் அந்தத் தொல்லையைப் பெருமளவு தீர்த்தது. மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஜோடியை எடுத்துப் போட்டாலும் உடனே விளையாடலாம். எனலூப் புரோவில் கொள்ளளவு 2,500 எம்ஏஎச் (மில்லிஆம்பியர் மணி), சாதாரண வகையில் சுமார் 2,000. ஆனால் தயாரிப்பாளர் கணக்குப்படி புரோவின் ஆயுள் 500 சார்ஜ், சாதாரண வகைக்கு 2,100. நான் வாங்குவது சாதாரண வகைதான். மாற்று ஜோடி கையில் இருக்கும்போது அந்தக் கூடுதல் 500 எம்ஏஎச் பெரிதாகத் தெரிவதில்லை.

இந்த செல்களின் மின்னழுத்தம் 1.2 வோல்ட், ஒருமுறை பயன்படுத்தி எறியும் சாதாரண ஆல்கலைன் செல்லுக்கு 1.5. அதனால் புதிதாகச் சார்ஜ் போட்டதையே திரை சில நேரம் முழுசாகக் காட்டாது. பயப்பட வேண்டாம். நிக்கல் செல் அந்த 1.2-ஐ ஒட்டியே நெடுநேரம் நின்று, கடைசியில்தான் இறங்கும்.

செல்லைவிட நான் அதிகம் கவனிக்கச் சொல்வது சார்ஜரை. ஜோடி ஜோடியாக மட்டும் ஏற்றும் மலிவு சார்ஜரில், ஒரு செல் முன்னதாக நிறைந்தாலும் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்கும்; தொட்டால் சுடும். ஒவ்வொரு செல்லுக்கும் தனி விளக்கு உள்ள சார்ஜர், நிறைந்ததும் மின்னழுத்தம் லேசாகச் சரிவதைக் கண்டுபிடித்து அந்த ஒன்றை மட்டும் நிறுத்திவிடும். எந்த செல் கெட்டது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். ஜோடி மாறாமலிருக்க மார்க்கரால் எண் எழுதி வைக்கிறேன்.

மைக்ரோசாஃப்ட்டின் பிளே அண்ட் சார்ஜ் கிட்டும் வசதிதான், கேபிளைச் செருகிக்கொண்டே ஆடலாம். ஆனால் அது லித்தியம் பேக். வருடங்கள் போகப் போகத் தளரும், வேறு எந்தச் சாதனத்துக்கும் உதவாது. பென்சில் செல் என்றால் அடுத்த நாளே டிவி ரிமோட்டுக்குப் போகும்.

இப்போது பரவலாகக் கிடைக்கும் 1.5 வோல்ட் ரீசார்ஜபிள் லித்தியம் செல்களில் எனக்கு மனம் ஒட்டவில்லை. உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட் கடைசிவரை 1.5 வோல்ட்டையே தருவதால், திரையில் பேட்டரி முழுசாக இருக்கும்; ஆட்டத்தின் நடுவில் பட்டென்று அணையும். எனக்கு ஆன்லைன் மேட்ச் நடுவிலேயே இப்படி ஆனது. லேபிளில் 3,000 என்று பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் எம்ஏஎச் அல்ல, மில்லிவாட் மணி; அதாவது எம்ஏஎச்சை வோல்ட்டால் பெருக்கி வருவது. அதே கணக்கில் சாதாரண எனலூப் சுமார் 2,400 வரும். வித்தியாசம் உண்டு, ஆனால் அந்த எண்ணைப் பார்த்து நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. வாங்குவதாக இருந்தால் அதற்கான சார்ஜரையும் சேர்த்தே வாங்குங்கள். நிக்கல் செல் சார்ஜரில் லித்தியம் செல்லைப் போடவே கூடாது, ஆபத்து.